பத்தாயிரம் அடி உயரத்தில் எளிய விடுதி



வேலையினின்று ஓய்வு பெற்றதும் கைக்கு வரும் ஊழியர் சேமநிதிப் பணத்தில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, இந்தியத் திருத்தலங்களைக் கண்டு வர வேண்டும் என்பது நம் தோட்டத்துப் பெரியவர்கள் பலரின் நெடுநாளைய விருப்பமாகும். மதுரைக்கும் இராமேசுவரத்துக்கும் செல்வோர்க்கு இக்கட்டுரை அவ்வளவாகப் பயன்படாது. அவ்வூர்களில் வீசும் காற்று நம் சிரம்பான் காற்றைப் போன்றதே. இமயமலையின் மேலே உள்ள பத்ரிநாத்துக்குச் செல்ல எண்ணுவோர்க்காகவே இதனை எழுதுகிறோம். கோயிலைப் பற்றிச் சொல்லும் நூல்கள் பல உள்ளன. அங்குச் சிக்கனமாகத் தங்குவது எப்படி, தங்கும் இடத்தில் உயிருக்கு ஊறு நேராமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதை எடுத்துச் சொல்வோர் மிகச் சிலரே.

பத்ரிநாத் தமிழர்க்குப் புதிய ஊர் அன்று. வைணவர் போற்றும் நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்றாகிய திருவதரி ஆசிரமம் என்பது இதுவே. பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் இத்தலத்தைப் பாடியுள்ளனர். அலகநந்தை ஆற்றின் கரையில், கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 3,100 மீட்டர் உயரத்தில், அஃதாவது பத்தாயிரம் அடிக்கும் மேலே இவ்வூர் அமைந்துள்ளது. பனியின் காரணமாகக் கோயில் ஏப்ரல் இறுதி அல்லது மே மாதத்தில் திறக்கப்பெற்று, நவம்பரில் அடைக்கப்பெறும்.

இவ்வுயரம் எத்தகையது என்பதை நம் ஊர்க் கணக்கில் பார்ப்போம். உலு பெண்டுல் பக்கம் போகும்போது தெரியும் அங்சி மலை 825 மீட்டர். நம் பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலாவில் குளிரால் நடுங்கிய கேமரன் மலையின் தானா ராத்தா பட்டணம் சுமார் 1,440 மீட்டர். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தானா ராத்தாக்களை அடுக்கினாலும் பத்ரிநாத்தின் உயரம் வராது. நம் நாட்டில் இதற்கு ஈடான உயரத்தில் மனிதர் இரவு தங்கும் இடம், சபாவில் கினபாலு மலையேறுவோர் தங்கும் பானலாபான் விடுதிகளே ஆகும். அவை சுமார் 3,270 மீட்டர் உயரத்தில் உள்ளன.

மாணவர்களே, உயரே செல்லச் செல்லக் காற்று மெலிவது ஏன் என்று கேட்பீர்கள். பத்துக் கம்பளிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். எல்லாவற்றிற்கும் அடியில் கிடக்கும் கம்பளி, மேலேயுள்ள ஒன்பதின் பாரத்தையும் தாங்கி நன்றாக நசுங்கியிருக்கும். மேலே உள்ளதோ பொதபொதவென்று தளர்ந்திருக்கும். பூமியைச் சுற்றியுள்ள காற்றும் இத்தகையதே. நாம் அடிக்கம்பளியில் வாழ்கிறோம். பத்ரிநாத் வாசிகள் அதற்கு மேலே வாழ்கின்றனர். அங்கே காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் பத்தில் ஏழு பங்குதான். ஆகவே, ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் உயிர்வளியும் பத்தில் ஏழு பங்கே. சிரம்பானில் வாங்கி, வாய் கட்டிய முறுக்குப் பொட்டலம் ஒன்று எங்கள் பைக்குள் இருந்தது. மலையேறிய வண்டி மேலே செல்லச் செல்ல, அது பலூனைப் போல உப்பிக்கொண்டு வந்தது. புறத்தே அழுத்தம் குறைய, அகத்தே அடைபட்ட நம் ஊர்க் காற்று விரிந்தது. இதைவிட நல்ல பாடக் கருவி நமக்கு வகுப்பறையில் கிடைத்ததில்லை.

உயிர்வளி குறைந்தால் உடல் என்ன செய்யும்? வேகமாக மூச்சு வாங்கும். இதயம் விரைந்து துடிக்கும். சில நாள்களில் உடல் தன்னைத் தானே பழக்கிக்கொள்ளும். அப்பழக்கத்திற்கு நேரம் கொடுக்காமல் விரைந்து ஏறியவர்க்குத் தலைவலி, குமட்டல், உணவில் வெறுப்பு, தலைசுற்றல், உறக்கமின்மை ஆகியவை தோன்றும். 2,500 மீட்டருக்கு மேல் எவருக்கும் இது வரலாம். இளைஞன், கிழவன், வலியவன், மெலியவன் என்று அது பார்ப்பதில்லை. வந்து சேர்ந்தவுடனே தெரியாது. பல மணி நேரம் கழித்து, பெரும்பாலும் முதல் இரவில்தான் தலைகாட்டும். எனவேதான் தங்குமிடத்தைப் பற்றிய பேச்சும் மலைநோயைப் பற்றிய பேச்சும் ஒன்றாகிவிடுகின்றன.

முற்காலத்தில் யாத்திரிகர்க்கு இத்தொல்லை குறைவு. ரிஷிகேசத்திலிருந்து பத்ரிநாத்துக்கு ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர். மோட்டார்ச் சாலை வருமுன் மக்கள் அதனை வாரக்கணக்கில் நடந்தே கடந்தனர். வழியில் சில மைல்களுக்கு ஒன்றாகச் ‘சட்டி’ எனப்பட்ட தங்குமிடங்கள் இருந்தன. சட்டி என்றதும் சமையற்கட்டை நினைக்க வேண்டா. வட நாட்டார் வழிச்சாவடிக்கு இட்ட பெயர் அது. கடைக்காரரிடம் மாவும் அரிசியும் பருப்பும் வாங்கினால், படுக்க இடமும் சமைக்கப் பாத்திரமும் வாடகையின்றிக் கிடைத்தன. உலகிலேயே மலிவான விடுதி இதுவாகத்தான் இருந்திருக்கும்! கறுப்புக் கம்பளிச் சாமியார் என்று பெயர் பெற்ற துறவி ஒருவர் தொடங்கிய அறநிலையம், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அவ்வழி நெடுகத் தருமசாலைகளைக் கட்டி யாத்திரிகர்க்கு உதவிற்று. காசியில் நம் நாட்டுக்கோட்டை நகரத்தார் 1813ஆம் ஆண்டிலேயே சத்திரம் அமைத்ததும் இவ்வறத்தின் பாற்பட்டதே. நடந்து சென்றவர் நாள்தோறும் சிறிது சிறிதாக உயர்ந்தார். ஒவ்வோர் இரவும் முன்னிரவைவிடச் சற்று மேலே உறங்கினார். உடலும் உடன் பழகி வந்தது. 1960களில் பத்ரிநாத் வரை சாலை எட்டியதும், மாதக் கணக்கு நாள் கணக்காயிற்று. கால்வலி போயிற்று, தலைவலி வந்தது.

இனி, எங்கள் கதையைச் சொல்ல வேண்டும். 2018ஆம் ஆண்டு ஜூன் பள்ளி விடுமுறையில் நாங்கள் பதினால்வர் பத்ரிநாத் சென்றோம். பெரும்பாலோர் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர்கள். கணக்குப் புத்தகம் நம் கையில் இருந்தது. ரிஷிகேசத்தில் புறப்பட்டு முதல் இரவை ருத்ரபிரயாகையில் கழித்தோம். மறுநாள் சோசிமடத்தில் தங்கி, அதற்கு அடுத்த நாள் மேலே செல்வது என்பதே முதலில் வகுத்த திட்டம். சோசிமடம் சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் உள்ள மலைப்பட்டணம். குளிர்காலத்தில் பத்ரிநாதரின் வழிபாடு நடைபெறும் நரசிங்கர் கோயில் அங்குள்ளது. ஆயினும், நண்பகலிலேயே அதன் அருகே வந்துவிட்டோம். “இன்னும் நாற்பத்தைந்து கிலோமீட்டர்தான், மாலைக்குள் மேலே போய்விடலாம், ஓர் இரவு வாடகை மிச்சம்” என்று பேச்சு எழுந்தது. தலைக்கு முந்நூறு ரூபாய் வீதம் பதினால்வர்க்கு 4,200 ரூபாய் மிச்சமாகும் என்று கணக்கிட்டுத் தலையசைத்தவர் நாமே. அன்று மாலை பத்ரிநாத்தில் இறங்கினோம்.

நாங்கள் தங்கியது ஒரு தருமசாலை. அறைக்கு நான்கு கட்டில்கள், மெத்தை மெலிது, ஆளுக்கு இரண்டு கனத்த ரசாய். பஞ்சு அடைத்த வடநாட்டுப் போர்வையே ரசாய் ஆகும். கழிப்பறை நடைபாதையின் கோடியில் பொதுவாக இருந்தது. குழாய் நீரில் கை வைத்தால் விரல் மரத்துவிடும். வெந்நீர் வேண்டுமெனில் வாளிக் கணக்கில் காசு. அறையைச் சூடாக்கும் வசதி இல்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரைப் பாகை குறையும். ஆகவே சிரம்பானில் முப்பது பாகை உள்ள நாளில் அங்கே பத்து என்று கொள்ளலாம். இரவில் அதனினும் கீழே போய்விடும். ஆனால், இடம் தூய்மையாக இருந்தது. காவலாளி அன்பாக இருந்தார். ஆளுக்கு ஓர் இரவுக்கு நம் பணத்தில் பத்து வெள்ளிக்கும் குறைவு. இவ்விலைக்கு இதனைக் குறை கூறுதல் நன்றன்று.

நள்ளிரவுக்கு மேல் அடுத்த அறையிலிருந்து ஒருவர் வந்து கதவைத் தட்டினார். அறுபத்தேழு வயதான அம்மையார் ஒருவர் இருமுறை வாந்தி எடுத்துவிட்டார். மாலையிலேயே தலைவலி தொடங்கியிருக்கிறது. இராச் சாப்பாட்டையும் தொடவில்லை. ஒருவரிடமும் சொல்லவும் இல்லை. கேட்டபோது, “லேசான தலைக்குத்துதான் ஐயா. சொன்னா கீழ கொண்டு போயிருவீங்க. காலையில சாமியப் பார்த்துட்டா சரியாப் போயிரும்” என்றார். முப்பதாண்டுகள் பிரட்டுக்குத் தவறாமல் எழுந்து நின்றவர்க்கு உடம்பு சரியில்லை என்று சொல்லும் பழக்கமே இல்லை. அவரைக் கைத்தாங்கலாக அங்கிருந்த மருத்துவ நிலையத்துக்கு அழைத்துச் சென்றோம். மருத்துவர் உயிர்வளி கொடுத்தார். விரலில் கருவி மாட்டிப் பார்த்தார். பின்னர் அவரை எழுப்பி, குதிகாலோடு பெருவிரல் ஒட்டும்படி நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். அம்மையார் தள்ளாடாமல் நடந்தார். “தள்ளாடியிருந்தால் விடியும் வரை காத்திருக்க முடியாது. விடிந்ததும் கீழே இறக்குங்கள்” என்றார் மருத்துவர்.

அச்சோதனையின் பொருளைப் பெற்றோர் அறிந்துகொள்ள வேண்டும். தலைவலியும் வாந்தியும் மலைநோயின் முதற்படி. நடை தள்ளாடுதல், பேச்சு குழறுதல், ஆள் தெரியாமல் மயங்குதல் ஆகியவை மூளையில் வீக்கம் கண்டதற்கு அறிகுறிகள். படுத்திருக்கும்போதே மூச்சுத் திணறுதல், ஓயாத இருமல், நுரை கலந்த சளி ஆகியவை நுரையீரலில் நீர் கோத்ததற்கு அறிகுறிகள். இவ்விரண்டும் சில மணி நேரத்தில் உயிரைக் குடிப்பன. இவற்றுக்குத் தலையாய மருந்து கீழே இறங்குவதே. உயிர்வளியும் ஊசியும் அதற்குத் துணை. பனடோல் தலைவலியைத் தணிக்குமேயன்றி நோயைத் தீர்க்காது. அசிட்டசோலமைட் என்னும் மாத்திரை முன்கூட்டியே உண்ணத் தக்கது; ஆனால் எல்லார்க்கும் ஒத்துக்கொள்வதன்று. ஆதலால் மருத்துவரைக் கேட்டே அதனை உட்கொள்ள வேண்டும். நெஞ்சு நோய், இரத்த அழுத்தம், நீரிழிவு, இரத்தச் சோகை உள்ளோர் புறப்படுமுன்பே மருத்துவரைக் காண்பது கட்டாயம். 2022ஆம் ஆண்டின் யாத்திரைக் காலத்தில் மட்டும் பத்ரிநாத், கேதார்நாத் முதலிய நான்கு தலங்களுக்கும் சென்றோருள் இருநூறு பேருக்கு மேல் உடல்நலம் குன்றி இறந்தனர். அவர்களுள் பலர்க்கு இதயமே ஓய்ந்தது.

விடியற்காலையில் அம்மையாரையும் அவர் தங்கையையும் அழைத்துக்கொண்டு நாம் ஒரு ஜீப்பில் சோசிமடத்துக்கு இறங்கினோம். பாதி வழியிலேயே அவர் தேநீர் கேட்டார். பகல் உணவுக்கு இரண்டு சப்பாத்தி உண்டார். ஆயிரத்து இருநூறு மீட்டர் இறங்கியதில் விளைந்த பயன் அது.

உலகின் மறுகோடியிலும் நிலைமை இதுவே. நமக்குச் சோறு போட்ட பால்மரத்தின் தாய்மண்ணாகிய தென்னமெரிக்காவில், ஆண்டீசு மலைத்தொடரின் மேல் பெருநகரங்களே உள்ளன. பொலிவியா நாட்டின் அரசு இயங்கும் லா பாஸ் நகரம் 3,600 மீட்டருக்கு மேலே உள்ளது. அதன் விமான நிலையமோ நாலாயிரம் மீட்டரையும் தாண்டியது. கடலோர நகரில் விமானம் ஏறியவர் சில மணி நேரத்தில் அங்கே இறங்கிப் பெட்டியைத் தூக்கினால், பத்து அடிக்குள் மூச்சு வாங்கும். நம் ஊர்களில் செல்வர் மேட்டில் வீடு கட்டுவர். அங்கே குளிர் குறைந்த பள்ளமே செல்வர்க்கு, மேடு ஏழைகளுக்கு. மலிவான விடுதிகளில் பெரும்பாலும் கணப்பு இல்லை, கம்பளிகள்தாம் உண்டு. குளிக்கும் குழாயின் தலையிலேயே மின்சாரத்தால் நீரைச் சூடாக்கும் கருவியைப் பொருத்தியிருப்பர். வந்தவுடன் கொக்கா இலைத் தேநீர் கொடுப்பது அங்கே விருந்தோம்பல். அவ்விலை நம் நாட்டுச் சட்டப்படி தடுக்கப்பட்டதாகும். பெரு நாட்டின் குஸ்கோ நகரம் 3,400 மீட்டர். விவரமறிந்த பயணிகள் விமானத்தில் அங்கே வந்திறங்கியதும், 2,800 மீட்டரளவில் உள்ள பள்ளத்தாக்கு ஊர்களுக்கு இறங்கி முதல் இரவைக் கழித்துவிட்டு, பிறகே குஸ்கோவுக்கு ஏறுகின்றனர். பகலில் எவ்வளவு உயரம் ஏறினோம் என்பதைவிட, இரவில் எவ்வுயரத்தில் உறங்கினோம் என்பதையே உடல் கணக்கில் வைக்கிறது. மூவாயிரம் மீட்டருக்கு மேல், உறங்கும் இடத்தை நாளொன்றுக்கு ஐந்நூறு மீட்டருக்கு மிகாமல் உயர்த்த வேண்டும் என்பது மருத்துவர் கூறும் அளவு. நாங்களோ ஒரே பகலில் அதைப்போல் பன்மடங்கு உயர்த்தினோம்!

பத்ரிநாத்தில் எளிய விடுதி தேடுவோர் வாடகையைக் கேட்குமுன் சிலவற்றைக் கேட்க வேண்டும். மாடிப்படி எத்தனை? முதியவர்க்குத் தரைத்தள அறையே வேண்டும். நம் ஊரில் இருபது படி விளையாட்டு, அங்கே அது மலையேற்றம். கழிப்பறை எவ்வளவு தொலைவு? மின்சாரம் போனால் விளக்கு உண்டா? கைவிளக்கு ஒன்றை நாமே கொண்டு செல்வது நலம். சன்னல் திறக்குமா? இவற்றுள் சன்னலைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியுள்ளது. குளிர் தாங்காத சிலர், அங்கீட்டி எனப்படும் கரியடுப்பை வாடகைக்கு வாங்கி அறைக்குள் வைத்துக் கதவையும் சன்னலையும் அடைத்துக்கொண்டு உறங்குவதுண்டு. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக்காற்று உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. அது இரத்தத்தில் உயிர்வளியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். உறங்கியவர் உறங்கியபடியே இறப்பர். அதனால் தோன்றும் தலைவலியும் குமட்டலும் மலைநோயைப் போலவே இருப்பதால் பிரித்தறிவதும் அரிது. குளிர்ந்தால் இன்னும் ஒரு ரசாய் கேளுங்கள். காதை மூடும் குல்லாவும் காலுறையும் அணிந்து படுங்கள். கரியடுப்பு மட்டும் அறைக்குள் வேண்டவே வேண்டா.

குளிப்பதற்கு வாளி வெந்நீர் வாங்க வேண்டிய தேவையும் பெரும்பாலும் இல்லை. கோயிலின் கீழேயே தப்தகுண்டம் என்னும் இயற்கை வெந்நீரூற்று உள்ளது. நம் பெடாஸ் வெந்நீரூற்றைக் கண்டவர்க்கு அது வியப்பாக இராது; ஆயினும் பனிமலையின் அடியில் நீர் ஆவி பறக்கக் காண்பது தனி இன்பம். நெடுநேரம் அதில் அமர்ந்துவிட்டுச் சட்டென எழுந்தால் தலைசுற்றும் என்பதால், முதியவர் மொண்டு ஊற்றிக்கொண்டு வெளியேறுவது நல்லது.

உணவைப் பற்றியும் ஒரு சொல். எங்கள் குழுவின் பெண்கள் இருவர், ஊரிலிருந்தே அரிசியும் சிறு பானையும் கொண்டுவந்திருந்தனர். தருமசாலையின் சமையற்கட்டில் சோறு வைத்தனர். உலை தளதளவென்று கொதிக்கிறது, அரிசியோ வேகவில்லை! விறகைத் தள்ளத் தள்ள நீர் வற்றியதேயன்றி அரிசி அரைவேக்காடாகவே நின்றது. காற்றழுத்தம் குறைந்த இடத்தில் நீர் நூறு பாகைக்கு முன்பே, சுமார் தொண்ணூறு பாகையிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் நீரின் சூடு ஏறாது. மூடியை இறுக்கி உள்ளேயே அழுத்தம் உண்டாக்கும் குக்கர் இருந்தால்தான் சோறு மலரும். அன்று கடையில் ரொட்டியும் பருப்பும் வாங்கி உண்டோம். முதல் நாள் வயிறு நிறைய உண்ணாமல் சிறிது சிறிதாக உண்பதும், நீர் நிறையப் பருகுவதும் நலம். மதுவும் தூக்க மாத்திரையும் ஆகா.

சோசிமடத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 2023ஆம் ஆண்டு ஜனவரியில் அப்பட்டணத்தில் நிலம் அமிழ்ந்து, நூற்றுக்கணக்கான வீடுகளில் வெடிப்புகள் கண்டன. ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த இரு விடுதிகளை அரசே இடித்தது. ஆகவே, இப்போது செல்வோர் அங்கு எப்பகுதியில் தங்கலாம் என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். பத்ரிநாத் செல்லும் வழியிலேயே உள்ள பாண்டுகேசுவரமும் ஏறத்தாழ அதே உயரம்தான். யாத்திரைக்கு உத்தராகண்ட் அரசிடம் முன்பதிவு செய்துகொள்வதும் கட்டாயமாகும்.

அம்மையார் சோசிமடத்தில் இரண்டு இரவுகள் நன்றாக உறங்கினார். நான்காம் நாள் காலை, அங்கிருந்த மருத்துவரைக் கண்டு இசைவு பெற்ற பின், ஜீப்பில் மேலே ஏறினோம். பொழுது ஏறுமுன் அவர் பத்ரிநாதர் முன் நின்றார். தலைவலி இல்லை. மேலே உறங்கவும் இல்லை. பிற்பகலில் எங்கள் குழுவுடன் கீழே இறங்கிவிட்டார்.

அன்றிரவு கணக்குப் புத்தகத்தை விரித்தோம். கீழிறங்கிய ஜீப்புக்கு 3,000 ரூபாய். சோசிமடத்தில் இரண்டு இரவு அறை வாடகை 1,800. மீண்டும் மேலேற 1,500. ஆக 6,300 ரூபாய். மிச்சம் பிடித்தது 4,200. அம்மையார் தம் பங்காகப் பணத்தை நீட்டினார். திட்டத்தை மாற்றியவர் நாம் என்பதால் அதனை வாங்க மறுத்துவிட்டோம். அவர் விடவில்லை; ஊர் திரும்பிய மறுவாரம், வாழையிலையில் சுற்றிய ஒரு பெரிய பொட்டலம் பலகாரம் நம் வீட்டு வாசலில் இருந்தது.